டாலிவருக்கு ஏன் பந்து வருவதில்லை

நவம்பர் 11, திங்கள்

டைரி எழுதச் சொன்னது டாக்டர். ரத்த அழுத்தத்துக்கு நல்லதாம். "மனசுல இருக்கறதை எங்கயாவது கொட்டிடணும் சார்" என்றார். பக்கத்தில் இருந்த என் மனைவி தில்லைநாயகி, "இவர் கொட்டாத இடம் எது டாக்டர் பாக்கி?" என்றாள். டாக்டர் சிரித்தார். சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பில் போட்டிருப்பார் என்று சந்தேகம்.

முதலில் டைரிக்கு என்னைத் தெரிய வேண்டும். பூவராகன். வயது ஐம்பத்தொன்று. ஊர் ஸ்ரீமுஷ்ணம், இப்போது ஒஹாயோ. ஆடிட்டர் படிப்பு படித்துவிட்டு டொலீடோ ஹெரன்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். ஆபீஸில் என்னை "பூ" என்பார்கள். இந்த ஊரில் பேய் வேஷம் போட்டவர்கள் குழந்தைகளைப் பயமுறுத்தச் சொல்லும் சத்தம் அது. என்னைப் பார்த்து இதுவரை ஒரு குழந்தையும் பயந்ததில்லை.

வேலை இதுதான். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஒரு மூடி போட்டிருக்கிறது. அதன் பெயர் கேப். பானைக்குள் எல்லோரையும் அமுக்கி மூடியைச் சாத்துவது என் பிழைப்பு. மூட முடியாவிட்டால் யாரையாவது வெட்டி வெளியே போட வேண்டும். என் சம்பளம் அந்தப் பானையில் சேராது. ஆகவே என்னை வெட்டி யாருக்கும் லாபமில்லை. இந்த ஒரு நம்பிக்கையில்தான் வீட்டுக் கடன் ஓடுகிறது.

இப்போது சுவாரசியத்துக்கு வருகிறேன். டாலிவர் என்று ஒரு ஆட்டக்காரன். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவன். வயது முப்பத்து மூன்று. இந்த விளையாட்டில் அது காசிக்குப் போகிற வயது. இந்த சீசனில் எண்பது பந்து பிடித்தால் ஒன்றரை மில்லியன் டாலர் போனஸ் என்று அவன் ஒப்பந்தத்தில் ஒரு வரி. போன வருஷம் ஐம்பதுதான் பிடித்தான் என்பதால் எண்பது நடக்காது என்ற தைரியத்தில் எழுதிய வரி. அப்படி நடந்துவிட்டால் அந்தத் தொகை அடுத்த வருஷக் கேப்பில் ஏறும். இன்றைக்கு அறுபத்தொன்றில் நிற்கிறான். இன்னும் எட்டு ஆட்டம் இருக்கிறது.

இந்தச் செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தயிர்சாதம் இறங்குமா? டப்பாவைத் தூக்கிக்கொண்டு பிசியோதெரபி அறைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் ஜெனிட்டா நாகர்கோவில்காரி. அந்தக் கட்டடத்தில் தமிழ் தெரிந்த இன்னொரு ஜீவன் அவள் மட்டும்தான். மேசையில் யாரோ ஒரு தடியன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். ஜெனிட்டா அவன் தொடையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பைய பேசுங்க அண்ணே. ஆளு கெடக்காருல்லா."

"கெடக்கட்டும். தமிழ்ல பேசினா இவனுக்கு என்ன தெரியப்போகுது? கேளு ஜெனிட்டா. டாலிவர் மட்டும் எய்ட்டி கேட்ச் எடுத்தான்னு வை, போனஸ் ஒன் பாயிண்ட் ஃபைவ் மில்லியன். அவ்வளவும் நெக்ஸ்ட் இயர் கேப்ல வந்து விழும். கேப்ல ஸ்பேஸ் ஏது? ஓட்டோ கட்தான்."

"ஐயோ, ஓட்டோவா? அவரு பாவம்லா!"

"என்ன பாவம்? டெய்லி என் பார்க்கிங் ஸ்பாட்லதான் ட்ரக்கை நிறுத்தறான். கட்!"

ஓட்டோ எங்கள் அணியில் எதிராளிகளைத் தடுத்து நிற்கிற ஆட்டக்காரன். அவனை வெட்டப் போவதாக யாரும் சொல்லவில்லை. பெயர் சேர்க்காத வம்பு சப்பென்று இருக்கும் என்பதால் நானாக ஒரு பெயர் சேர்த்தேன். ஜெனிட்டா "ச்சு ச்சு" என்றாள். மனசு லேசாகிவிட்டது. டாக்டர் சொன்னது சரிதான்.

நவம்பர் 17, ஞாயிறு

தோல்வி. இதில் செய்தி ஒன்றுமில்லை, இந்த வருஷம் எங்களுக்குப் பழகிவிட்டது. செய்தி என்னவென்றால், டாலிவருக்கு ஒரே ஒரு பந்துதான் வந்தது.

பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். எங்களுக்கு பிராண்ட். முதலில் யாரைப் பார்ப்பது, அவன் அடைபட்டிருந்தால் அடுத்து யார், அதுவும் இல்லாவிட்டால் யார் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரிசை கொடுத்திருப்பார்கள். எதிராளிகள் வந்து மேலே விழுவதற்குள் மூன்று விநாடி போல நேரம். அதற்குள் பார்த்து எறிய வேண்டும். இத்தனை நாளும் அந்த வரிசையில் டாலிவர்தான் முதல். இன்றைக்கு பிராண்டின் தலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஏதோ நடக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

ஓட்டோ இன்றும் என் இடத்தில் ட்ரக்கை நிறுத்தியிருந்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

டாலிவருக்கு ஒரு பந்துகூட இல்லை. மைதானத்தின் ஓரத்தில் தனியாக, நிற்காத பஸ்ஸுக்குக் கை காட்டுகிறவன் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். பஸ் வேறு பக்கம் போயிற்று.

எனக்கு கெஸ்லர் மேல்தான் சந்தேகம். கெஸ்லர் எங்கள் ஜெனரல் மேனேஜர். யாரை எடுப்பது, யாரை விடுவது எல்லாம் அவர் கையில். டாலிவர் எண்பதைத் தொட்டால் நமக்கு என்ன செலவு என்று போன மாதம் என்னிடம் கணக்குக் கேட்டவரும் அவர்தான். கேட்கும்போது பேனாவால் பல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். மனசில் கள்ளம் இல்லாதவன் எதற்குப் பல்லைத் தட்டுவான்? பயிற்சியாளரைக் கூப்பிட்டு, "அவனுக்குப் போடாதே" என்று காதில் ஓதியிருப்பார். ஒன்றரை மில்லியன் மிச்சம்.

தில்லையிடம் சொன்னேன். "ஆதாரம் இருக்கா?" என்றாள். பல்லைத் தட்டியதைச் சொன்னேன். "முதல்ல உங்க பல்லைப் போய்க் காட்டிட்டு வாங்க, அப்பாயின்ட்மென்ட் எடுத்து ஒரு மாசமாகுது" என்றாள்.

நவம்பர் 26, செவ்வாய்

கெஸ்லர் கூப்பிட்டார். (இங்குள்ளவர்கள் பேசுகிற இங்கிலீஷை எனக்குத் தெரிந்த தமிழில்தான் எழுதுவேன். டைரி என்னுடையது.)

"கதவைச் சாத்து பூ. டாலிவரோட ஏஜென்ட் லீக்குக்குப் புகார் எழுதப் போறானாம். போனஸ் கொடுக்காம இருக்க நாம வேணும்னே பந்து போடலையாம்."

"போடாதேன்னு நாம சொல்லலையா சார்?"

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனா அடுத்த வருஷக் கேப் கணக்கு டிரெஸ்ஸிங் ரூம் வரைக்கும் போயிருக்கு. நம்ம ஆபீஸ்ல எவனோ வாயை விட்டிருக்கான். யாருன்னு நீதான் கண்டுபிடிக்கணும்."

"நானா?"

"இந்தக் கட்டடத்துலயே வாயைத் திறக்காத ஆள் நீ ஒருத்தன்தான்."

உண்மை. இங்கிலீஷில் நான் மிகவும் அடக்கமானவன்.

இருபது வருஷ அமெரிக்க வாழ்க்கையில் இப்படி ஒரு பொறுப்பு எனக்கு வந்ததில்லை. நடை கொஞ்சம் மாறிவிட்டதாக எனக்கே தோன்றியது. பல்லைத் தட்டியது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். அல்லது நம்மைத் திசைதிருப்பவும் இருக்கலாம்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி சொல்லும் நாள். பக்கத்து ஊரான ஆன் ஆர்பரில் தமிழ்க் குடும்பங்களோடு விருந்து. வான்கோழிக்குப் பதில் வெஜிடபிள் பிரியாணி. நான் நடத்தும் விசாரணை பற்றி மூன்று பேரிடம் மட்டும், வெளியே சொல்லாதீர்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். பாயசம் பரிமாறும்போது நாலாவது ஆள் வந்து, "ஆபீஸ்ல சி.ஐ.டி. வேலையாமே உங்களுக்கு?" என்றார். மனிதர்களை நம்பவே முடியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

டாலிவருக்கு ஒன்று. அதுவும் எதிராளி கையில் பட்டுத் தெறித்து இவனிடம் வந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

பயிற்சியாளர் ஹேகர்டியின் அறைக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஏதோ காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"கெஸ்லர் அனுப்பினாரா வேவு பார்க்க?"

"சும்மாதான் வந்தேன் சார். டாலிவருக்கு ஏன் பந்து வர்றதில்லைன்னு..."

"அதை உன் முதலாளியைக் கேளு! என்னை வந்து கேக்கறியா?" என்று ஆட்டத்தின் வீடியோவைத் திரையில் போட்டார். "பாரு. நான் போட்ட வரிசையில டாலிவர்தான் முதல். தடுக்க வந்தவனை உள்பக்கம் போற மாதிரி ஏமாத்திட்டு வெளியே வளைச்சு ஓடறான். பக்கத்துல ஈ காக்கா இல்லை. பிராண்ட் பாக்கறான். கை தூக்கறான். தூக்கின கையை இறக்கிட்டு, அந்தப் பக்கம் மூணு பேருக்கு நடுவுல எறியறான். பாத்துட்டேதான் போடாம இருக்கான். பிராண்டுக்கு மேலிடத்துலேர்ந்து யாரோ சொல்லியிருக்காங்க. எனக்கு மட்டும் சொல்லலை."

ஆக, கெஸ்லர் ஆபீஸ் ஆட்களைச் சந்தேகிக்கிறார். ஹேகர்டி கெஸ்லரைச் சந்தேகிக்கிறார். நான் இருவரையும். இனிமேல் பிராண்டையும். வரிசை நீளுகிறது. விசாரணை நன்றாகப் போகிறது என்றே சொல்ல வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

மதியம் ஜெனிட்டாவிடம் விசாரணையைப் பற்றிச் சொல்லி, பிராண்டுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கச் சொன்னேன். அவள் கையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க ஓட்டோ கதை சொன்னப்போ மேசையில கெடந்தது யாருன்னு தெரியுமா?"

"யாரு?"

"பிராண்டாக்கும்."

"இருந்தா என்ன? நாமதான் தமிழ்ல பேசினோமே."

"எது தமிழு? டாலிவர், எய்ட்டி கேட்ச், போனஸ், மில்லியன், நெக்ஸ்ட் இயர், கேப், ஓட்டோ, கட். இதுல எது அண்ணே தமிழு?"

"வந்து விழும்னு சொன்னேன். அது தமிழ்தான்."

"அன்னைக்கு அவருக்க தொடை சட்டுனு கல்லு மாதிரி ஆச்சு. குளிருல பிடிச்சிட்டாக்கும்னு நெனச்சேன்."

பிராண்டும் ஓட்டோவும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். பிராண்டின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் ஓட்டோதான். மைதானத்தில் பிராண்டுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று, அவனுக்கு விழ வேண்டிய அடியையெல்லாம் வாங்குகிறவனும் ஓட்டோதான். இதெல்லாம் பொதுவாகத் தெரிந்த செய்தி. இங்கே எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

பனி. கார் பேட்டரி மாற்றினேன். எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 7, சனி

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று கெஸ்லர் போனில் கேட்டார். போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அன்றைக்கு பிசியோ அறையில் வேறு யாராவது இருந்திருக்கலாம். சுவர் மெல்லியது. ஜெனிட்டாவும் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். எல்லாக் கோணத்திலும் பார்க்க வேண்டும் அல்லவா?

டிசம்பர் 9, திங்கள்

நேற்றும் டாலிவருக்கு ஒன்றுமில்லை. இன்று என் அறைக்கே வந்துவிட்டான். எனக்கு எதிரே இருக்கும் நாற்காலி சின்னது. முழங்கால்கள் நெஞ்சை முட்ட உட்கார்ந்தான்.

"பூ, நீ நம்பரோட குடித்தனம் பண்றவன். மழுப்பாம சொல்லு. நான் ஸ்லோ ஆயிட்டேனா?"

ஆட்டக்காரர்களின் தோள்கவசத்துக்குள் வேகத்தை அளக்கும் சில்லு இருக்கிறது. இவன் வேகம் போன வருஷத்தைவிட ஒரு நூல் கூடக் குறையவில்லை. எனக்குத் தெரியும்.

"வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றேன்.

"பணம் போனா போகுது. பிராண்டோட ஏழு வருஷமா ஆடறேன். நான் திரும்பறதுக்கு முன்னாடியே பந்து அங்க வந்து நிக்கும். இப்ப என் பக்கமே பாக்க மாட்டேங்கறான். மூஞ்சிக்கு நேரா சொல்லச் சங்கடப்படறான் போல. அவனுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? இந்த வாரத்தோட நானே விலகிடலாம்னு இருக்கேன்."

அவன் போன பிறகு கால்குலேட்டரை எடுத்து எதையோ கூட்டினேன். விடை வந்தது. எதைக் கூட்டினேன் என்று தெரியவில்லை.

ராத்திரி சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். தில்லை கேட்டதும் சொன்னேன்.

"அவனுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"வயசாகுதுன்னு."

"யாருக்கு?"

டிசம்பர் 11, புதன்

கெஸ்லர் கூப்பிட்டு, "விட்டுடு பூ, நானே கண்டுபிடிச்சிட்டேன்" என்றார். நான் கதவைச் சாத்தினேன்.

"அந்த பிசியோ பொண்ணு. எல்லாக் காலும் அவ கையிலதானே? பேசிக்கிட்டே இருக்கா. உங்க ஊர்தான்னு தெரியும். அதான் நீ சொல்லத் தயங்கற. சீசன் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிடறேன்."

ஜெனிட்டாவின் விசா இந்த வேலையில்தான் தொங்குகிறது.

"அவ பேசலை சார். நான் பேசினேன்."

பேனா பல்லில் நின்றுவிட்டது. "யார்கிட்ட?"

"ஜெனிட்டாகிட்டதான். பிராண்ட் பக்கத்துல படுத்திருந்தான். ஆனா தமிழ்லதான் சார் பேசினேன்."

"தமிழ்ல பேசினா அவனுக்கு எப்படிப் புரியும்?"

அன்றைக்குச் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டினேன். கெஸ்லருக்கும் புரிந்துவிட்டது.

பேனாவை மேசையில் வைத்தார். "ஓட்டோ பேரு எங்கேர்ந்து வந்தது?"

"நானா சேர்த்தேன்."

"எதுக்கு?"

"ருசிக்கு சார்."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "டாலிவருக்குப் போடுன்னு நான் பிராண்ட்கிட்ட சொல்ல முடியாது. போடாதேன்னும் சொல்ல முடியாது. ரெண்டுமே புகாராயிடும். நீ போட்ட முடிச்சு. நீயே போய் அவுரு. உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு சீசன் முடிஞ்சப்புறம் சொல்றேன். இனிமே ஆட்டம் பாக்க, மைதானத்துல நம்ம ஆபீஸ்காரங்க உக்கார்ற பாக்ஸுக்கு வராதே."

டிசம்பர் 12, வியாழன்

பிராண்ட் வீடியோ அறையில் தனியாக இருந்தான். அவன் கைக்கெட்டும் தூரத்தில் பந்து எதுவும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன். சொன்னேன்.

"அப்ப ஓட்டோ கட் இல்லையா?"

"இல்லை. அது நான் சும்மா சேர்த்த பேரு."

"சும்மாவா?"

"என் பார்க்கிங் இடத்துல..."

"பார்க்கிங்!" எழுந்து நின்றான். ஆறடி நாலங்குலம். "நாலு வாரமா டாலிவர் மூஞ்சியில முழிக்க முடியாம நான் சுத்தறேன். உன் பார்க்கிங்குக்காகவா?" அறையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான். "சரி, ஓட்டோ இல்லைன்னா வேற யாரு? அந்தப் பணத்துக்கு யாரையாவது வெட்டித்தானே ஆகணும்?"

"வேண்டாம். அடுத்த வருஷம் உனக்கு வர வேண்டிய சம்பளத்துல ஒரு பங்கை போனஸ்னு பேர் மாத்தி முன்னாடியே கொடுத்துட்டா, கணக்குல அது நாலு வருஷத்துக்குப் பரவிடும். உன் கைக்கு வர்றது ஒரு சென்ட் குறையாது. ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"இவ்வளவுதானா? இதை ஏன்யா என்கிட்ட யாரும் கேக்கலை?"

"நீயாவது என்னை வந்து கேட்டிருக்கலாம்."

"எப்படிக் கேக்கறது? நீங்க ரெண்டு பேரும் ரகசியமா பேசிட்டிருந்தீங்க!"

இரண்டு பேருமாக டாலிவரைத் தேடிப் போனோம். லாக்கரைக் காலி பண்ணிக்கொண்டிருந்தான். ஷூ எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. பிராண்ட்தான் சொன்னான். டாலிவர் போனஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப நான் ஃப்ரீயாத்தான் இருந்தேனா?"

"ஒவ்வொரு தடவையும்" என்றான் பிராண்ட்.

டாலிவர் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு அதைச் சுருட்டி முழு வேகத்தில் பிராண்ட் மேல் எறிந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வயசுன்னு ஒண்ணு இருக்குன்னியே?"

"அது... பொதுவா சொன்னேன்."

டாலிவர் திரும்பிக்கொண்டான். பெட்டியிலிருந்து ஷூக்களை ஒவ்வொன்றாக எடுத்து லாக்கரில் திருப்பி வைத்தான். உதவலாம் என்று ஒன்றை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். நியாயம்தான்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆறு! வீட்டில் டி.வி.யில்தான் பார்த்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஐந்து. மொத்தம் எழுபத்து நாலு. ஜெனிட்டா இப்போதெல்லாம் என்னைக் கண்டாலே உதட்டில் விரல் வைக்கிறாள். அறையில் யாரும் இல்லாதபோதும்.

டிசம்பர் 29, ஞாயிறு

இரண்டே இரண்டு. பழைய சந்தேகம் குபீரென்று எழுந்தது. பிராண்ட் மனம் மாறிவிட்டானா? கெஸ்லர் ஏதாவது...? திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். போன இரண்டு வார ஆட்டத்தைப் பார்த்து எதிராளிகள் டாலிவருக்கு இரண்டு பேரைக் காவல் போட்டிருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். இன்னும் ஓர் ஆட்டம், நாலு பந்து. காவல் இன்னும் இறுகும்.

ஜனவரி 5, ஞாயிறு

கடைசி ஆட்டம். தில்லையும் பட்டாணி உரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. "ஓடினா தள்ளி விடறான், தள்ளி விட்டா நிறுத்தறான், நிறுத்தினா விளம்பரம்" என்பாள்.

முதல் பாதியில் ஒன்று. மூன்றாவது பகுதியில் ஒன்று. கடைசிப் பகுதியில் ஒன்று, இரண்டு பேருக்கு நடுவில் எகிறிப் பிடித்தான். எழுபத்தொன்பது. அதற்குப் பிறகு டாலிவர் ஓடுகிற இடமெல்லாம் மூன்று பேர் ஓடினார்கள். நாங்கள் எப்படியும் தோற்கப் போகிறோம். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருந்தது. பிராண்ட் தூரமாக எறிவான் என்று காவல்காரர்கள் மொத்தப் பேரும் பின்னால் போய் நின்றார்கள்.

டாலிவர் ஓடவே இல்லை. தொடங்கிய இடத்தைவிட இரண்டு அடி பின்னால் வந்து, சும்மா நின்றான். பிராண்ட் பக்கத்து வீட்டுக்குச் சாவி கொடுப்பது போல மெதுவாகப் பந்தை அவனிடம் தட்டிவிட்டான். டாலிவர் பிடித்தான். அவனுக்கு வழி விலக்க முன்னால் பாய்ந்த ஓட்டோ, ஈரப் புல்லில் வழுக்கி, மரம் மாதிரி குறுக்கே விழுந்தான். டாலிவர் அவன் மேல் தடுக்கி விழ, நாலு பேர் வந்து மேலே விழுந்தார்கள். முன்னேற்றம் ஏதுமில்லை, இரண்டு கஜம் பின்னடைவு. இப்படி ஒரு கேவலமான ஆட்டத்தை இந்த வருஷம் பார்த்ததில்லை என்றார் வர்ணனையாளர். அரங்கமே ஊளையிட்டது.

பின்னால் போய்ப் பிடித்தாலும் பிடித்தது பிடித்ததுதான். எண்பது. நான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.

"விழுந்ததுக்கா கை தட்டறீங்க?" என்றாள் தில்லை.

குவியலுக்கு அடியிலிருந்து டாலிவர் வெளியே வந்தான். பந்தை விடவில்லை. ஓட்டோவைக் கை கொடுத்து எழுப்பி, அவன் தலைக்கவசத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான்.

ஐந்து நிமிஷத்தில் போன். கெஸ்லர். வராந்தாவுக்குப் போய் எடுத்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"காலையில எட்டு மணிக்கு வா. பிராண்ட் கையெழுத்துக்கு வர்றான். ஒன்றரை மில்லியனுக்கு இடம் பண்ணணும். அதுபோக இன்னொருத்தனை விட வேண்டியிருக்கு. பேரு சொல்றேன், மனசுல மட்டும் வெச்சுக்கோ." சொன்னார். பெரிய பெயர். வைத்துவிட்டார்.

உள்ளே வந்தேன். தில்லை பட்டாணியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"யாரு, உங்க கெஸ்லரா? வேலை இருக்குல்ல?"

"இருக்கு. காலையில சீக்கிரம் போகணும்."

"வேற?"

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? யாரையோ தூக்கறாங்க, அதானே? யாரை?"

பட்டாணித் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தேன். தில்லை என்னையே பார்த்தாள். எழுந்து வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

"எங்கிட்ட என்னத்தையோ மறைக்கறீங்க" என்றாள்.